குறியும் குறிக்கு அப்பாலும்

கருவி எதுவாயினும், அதனைக் கையாளப் பழக்குபவன் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றான். ஒன்று கருவியின் தொழில். மற்றொன்று அக்கருவியை ஏந்திய கையின் ஒழுக்கம். தேயிலை மலையிலே கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் புதியவனைப் பழக்கும் முதிய தொழிலாளி, கத்தியை வீசும் முறையோடு, அடுத்த நிரையில் நிற்பவனிடமிருந்து எவ்வளவு விலகி நிற்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கின்றார். இவ்விரு பாடங்களையும் அவர் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஆயின் கருவியின் வலிமை பெருகப் பெருக, இரண்டாவது பாடம் முதலாவதினும் கனமுடையதாகின்றது. துவக்கு என்னும் கருவியிடத்து அது முழுப்பாடமாகவே ஆகிவிடுகின்றது. துவக்கை முன்பின் அறியாத ஒருவனுக்கு அதனைப் பழக்குதல் அறமாகுமா, ஆகுமெனின் எத்தகைய பழக்கம் அறமாகும் என்னும் வினாவை ஊவா மாகாணத் தோட்டங்களை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாவைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் தோட்டமும் காடும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் மரக்கறிப் பாத்திகளையும் கிழங்குக் கொல்லைகளையும் தேடி இரவில் இறங்குகின்றன. கீழே மொனராகலைப் பக்கத்தில் சேனைப் பயிருக்கு யானையே பகை. எனவே துவக்கு இங்கே போர்க்களத்துப் பொருள் மட்டுமன்று, பயிர்க்காவலின் பொருளுமாகும். 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆனால் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் உரிமையைத் தருமேயன்றிப் பிடிக்கும் பக்குவத்தைத் தந்துவிடாது.

இம்மாகாணத்தில் துவக்கு யார் கையில் இருந்தது என்பதையும் சற்று நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதுளையில் ஆட்சி அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜேர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். 1900ஆம் ஆண்டில் வெள்ளைத் துரைமாரைக் கொண்ட தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டு, 1949 வரை நிலைத்தது. அதே 1900இல் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் தியத்தலாவையிற் சிறைவைக்கப்பட்டனர். இளமையிலிருந்தே துவக்குப் பழகிய விவசாயிகள் அவர்கள். பின்னாளில் அதே தியத்தலாவை நாட்டின் படைப்பயிற்சித் தலமாயிற்று. இத்தனைக்கும் நடுவில் தோட்டத் தொழிலாளி நின்ற இடம் யாது? துரையின் வேட்டைக்குக் காடு கலைப்பவனாகவும், துவக்கைச் சுமப்பவனாகவும் அவன் இருந்தான். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் சூட்டுக்குப் பலியானான். அதே ஆண்டிற் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில், ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்தனர் என்பது இடதுசாரி இயக்க வரலாற்றிற் பதிவாகியுள்ளது. சுருங்கக் கூறின், துவக்கின் பின்பக்கத்தில் நின்றறியாத இச்சமூகம் அதன் முன்பக்கத்தையே அறிந்திருந்தது.

இவ்வரலாற்றை அறிந்தோர் சிலர், “அப்படியாயின் அறியாதிருப்பதே நன்று, துவக்குப் பழக்கமே வேண்டாம்” என்பர். இக்கூற்றை எளிதிற் தள்ளிவிட இயலாது. கொல்லாமைக்குத் தனியதிகாரம் வகுத்த நூலைப் பொதுமறையாகக் கொண்டவர் நாம். 1971 ஏப்பிரல் 5ஆம் நாள் அதிகாலையில் இதே ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையத்தில் தொடங்கிய கிளர்ச்சியில், வேட்டைத் துவக்கு ஏந்திய இளைஞர் பலர் கொன்றும் கொல்லப்பட்டும் போயினர். பயிர்காக்க வாங்கிய துவக்கு வேறு கைக்குப் போகும்போது என்ன நேரும் என்பதற்கு அது சான்று. கற்பித்தவன் தன் மாணவனின் நாளைய நாளுக்குப் பொறுப்பேற்க முடியுமா என்னும் வினா இங்கே எழுகின்றது.

இவ்வினா பழையது. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில், சொற்கலை ஆசிரியனாகிய கோர்கியாஸ் இதற்கு ஒரு விடை கூறுகின்றான். மற்போரையும் படைக்கலப் போரையும் கற்ற ஒருவன் தன் தாய்தந்தையரையே அடிப்பானாயின், குற்றம் அவனதேயன்றிப் பயிற்றியவனதன்று என்பது அவன் வாதம். நன்னோக்குடன் கொடுத்ததை மாணவன் தீநோக்குடன் பயன்படுத்தினால் ஆசான் என் செய்வான் என்று அவன் கேட்கின்றான். முதற்பார்வையில் நேரியதாகத் தோன்றும் இவ்விடையில் ஒரு குறை உண்டு. கலையை ஒரு பண்டம்போலவும், ஆசானைக் கடைக்காரன்போலவும் அது கொள்கின்றது. விற்ற பண்டம் விற்றவனின் கையைவிட்டு நீங்கிவிடுகின்றது. கற்பித்த கலையோ கற்பித்த விதத்தையும் சுமந்துகொண்டே செல்கின்றது. எதை முதலிற் சொன்னான், எதைச் சொல்லாது விட்டான், எதைக் கண்டு சிரித்தான் என்பனவெல்லாம் மாணவனின் கையில் தங்கிவிடுகின்றன. ஆகவே மாணவனின் தீநோக்குக்கு ஆசான் பொறுப்பல்லன் எனினும், அவனது கவனமின்மைக்குப் பொறுப்பாளியே ஆவான்.

இதனைத் துவக்குப் பயிற்சியின் முறையிலேயே காணலாம். முறையறிந்த ஆசான் புதியவனுக்குத் தோட்டாவைக் காட்டுவதற்கு முன் வெற்றுத் துவக்கைக் காட்டுகின்றான். பயிர்க்காவலுக்குப் பெரிதும் வழங்கும் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் குழலை மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்பதைக் கண்ணாற் காட்டுகின்றான். பின்னர் அதனை மாணவன் கையிற் கொடுத்து, நீயும் பார் என்கின்றான். ஒருவன் பார்த்துவிட்டான் என்பதற்காக மற்றவன் பாராதிருக்கலாகாது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் மீண்டும் பார்க்கப்படல் வேண்டும். எந்தத் துவக்கையும் நிரம்பிய துவக்காகவே கொள்க என்பது முதல் விதி. இவ்விதி எதைச் சொல்கின்றது? “காலையிற் பார்த்தேன், வெறுமையாகத்தான் இருந்தது” என்னும் தன் நினைவையே நம்பாதே என்கின்றது. வெற்றுத் துவக்கென்று எண்ணிக்கொண்டிருந்த துவக்கே வீட்டுக்குள் உயிரைக் குடித்திருக்கின்றது. எனவே இவ்விதி முதலிற் பயிற்றுவது பணிவையே எனலாம்.

இரண்டாவது விதி, அழிக்க விரும்பாத எதனையும் நோக்கிக் குழல்வாயைத் திருப்பாதே என்பது. விளையாட்டாகவும் வேண்டாம், வெற்றுத் துவக்காயினும் வேண்டாம். மூன்றாவது, சுடுவதென்று முடிவு செய்யும்வரை விரல் விசையைத் தொடலாகாது. விரல் விசைக்கு வெளியே, துவக்கின் பக்கத்தில் நீண்டு கிடத்தல் வேண்டும். கால் வழுக்கினாலும், அருகே ஒருவன் கூவினாலும், திடுக்கிட்ட கை தானாகவே இறுகும் இயல்புடையது. அந்த இறுக்கத்துக்குள் விசை அகப்படாதிருப்பதற்கே இவ்விதி. மழையில் நனைந்த தேயிலை மலையின் ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்க்கு இதன் தேவை நன்கு விளங்கும். கானைத் தாண்டும்போதும் வேலியேறும்போதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டே கடத்தல் வேண்டும் என்பதும் இதன் வழிவந்ததே. விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சிலபோது பிந்தி வெடிக்கும். ஆதலால் அரை நிமிடமேனும் குழல்வாயைக் குறிப்பக்கமே வைத்திருந்து, பின்னரே திறத்தல் வேண்டும்.

நான்காவது விதியே இக்கட்டுரைக்கு மையமானது. குறியை ஐயமற அறிந்துகொள். குறிக்கு அப்பால் யாது உளது என்பதையும் அறிந்துகொள் என்பது அது. ஊவாவின் நிலவமைப்பில் இவ்விதி உயிர்நிலையானது. இடுப்பளவு உயர்ந்த தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஒருத்தியைக் கண்கள் காணமாட்டா. மேட்டில் நின்று சரிவை நோக்கிச் சுடுபவனுக்குக் கீழே லயம் இருக்கும். லயத்து முற்றத்திலே பிள்ளைகள் இருப்பர். மேட்டை நோக்கிச் சுட்டாலோ, முகட்டைத் தாண்டிய ரவை அடுத்த பள்ளத்தில் எங்கு விழும் என்று சொல்லல் அரிது. புதியவர்க்கு முதலிற் கொடுக்கும் சிறு றைபிளாகிய இருபத்திரண்டின் சின்னஞ்சிறு குண்டும் ஒரு மைலுக்கு அப்பாற் செல்ல வல்லது. பாறையிற் பட்ட ரவை திசைமாறிப் பாயும். ஆதலாலேதான் பயிற்சித் தலங்களிற் குறிக்குப் பின்னால் உயர்ந்த மண்ணணை எழுப்பப்படுகின்றது.

ஈண்டு நம் இலக்கிய மரபின் மிகப் புகழ்பெற்ற விற்பயிற்சியை எண்ணிப் பார்த்தல் பொருத்தமாகும். பாரதக் கதையில் துரோணர் மரத்திலே ஒரு பறவைப் பதுமையை வைத்துத் தம் மாணவரைச் சோதிக்கின்றார். யாது தெரிகின்றது என்று கேட்டபோது தருமன், மரமும் பறவையும் தம்பியரும் ஆசிரியரும் தெரிவதாகச் சொல்லி விலக்கப்படுகின்றான். பறவையின் தலை மட்டுமே தெரிகின்றது என்ற அருச்சுனன் புகழப்படுகின்றான். ஒருமுகப்பாட்டுக்கு உதாரணமாக மேடைதோறும் எடுத்தாளப்படும் கதை இது. ஆயின் துவக்குப் பழக்கும் ஆசான் இச்சோதனையை நடத்துவானாயின் யாரைத் தெரிவான்? தருமனையே முதலில் நிறுத்திக்கொள்வான். மரத்தையும், மரத்தருகே நின்ற தம்பியரையும், அருகிருந்த ஆசானையும் கண்ட கண்ணே துவக்கு ஏந்தத் தகுந்த கண். குறியை மட்டுமே காண்பவன் குறிக்கு அப்பால் நிற்பவனைக் காணமாட்டான். அருச்சுனனின் பார்வை வேண்டாமென்பதன்று. அது இறுதிக் கணத்தில் வேண்டப்படுவது. தருமனின் பார்வை முடிந்த பின்னரே அருச்சுனனின் பார்வை தொடங்குதல் வேண்டும். வரிசை மாறினால் வேட்டை விபத்தாகும்.

அவ்வாறு மாறியதன் விளைவையும் நம் கதைகளே சொல்கின்றன. சரயு நதிக்கரை இருளில், குடத்தில் நீர் நிரம்பும் ஓசையை யானையின் ஓசையென்று கொண்டு அம்பெய்த தயரதன், பார்வையற்ற முதியோரின் ஒரே மகனைக் கொன்றான். ஒலியைக் கொண்டே எய்யும் திறன் அவனிடம் இருந்தது. குறியை அறியும் பொறுமை இல்லை. இராமகாதையின் துயரம் அந்த ஓர் அம்பிலிருந்தே கிளைத்தது எனலாம். இருளில் அசையும் புதரைப் பன்றியென்று எண்ணிச் சுடுபவன் செய்வதும் அதுவே. பாரதத்தின் இறுதியில் அசுவத்தாமன் பெரும்படைக்கலத்தை விடத் தெரிந்தவனாகவும், மீட்கத் தெரியாதவனாகவும் காட்டப்படுகின்றான். துவக்குச் சூட்டை எவராலும் மீட்க முடியாது. ஆகவே மீட்டல் சூட்டுக்கு முன்னரே நிகழ்ந்துவிடல் வேண்டும். விசைக்கு வெளியே நீண்டு கிடக்கும் அந்த விரலே மீட்டலின் இருப்பிடம்.

புதியவனின் மனநிலையையும் ஆசான் கவனித்தல் வேண்டும். பழகாத தோளில் கனத்த தோட்டாவின் உதையை விழவைத்து, அவன் தடுமாறுவதைக் கண்டு நகைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது பயிற்சியன்று, கொடுமை. உதையை அஞ்சியவன் அடுத்த முறை வெடிக்குமுன்னரே கண்ணை மூடிக்கொள்கின்றான். கண்மூடிய கணத்திற் குழல்வாய் எங்கு திரும்பிற்று என்பதை அவனும் அறியான். செவியைக் காக்கும் உறையின்றி ஏற்ற வெடியோசை செவிக்கு நிலையான கேட்டையும் செய்யவல்லது. ஆதலால் கண்ணுக்கும் செவிக்கும் காப்பளித்து, உதை குறைந்த துவக்கில் ஒரே ஒரு தோட்டாவை இட்டு, ஒருவனுக்கு ஓராசான் அருகில் நின்று தொடங்குவதே முறை. அச்சமும் செருக்குமே துவக்கேந்தியவனின் இரு பகைகள். முதல் நாளில் ஏளனஞ் செய்பவன் அச்சத்தை விதைக்கின்றான். முதற் குறி பட்டவுடன் வீரனென்று புகழ்பவன் செருக்கை விதைக்கின்றான். நிறுத்து என்ற ஒரு சொல்லுக்கு உடனே நிற்கப் பழகியவனையே நல்ல மாணவனென்று கொள்ளல் வேண்டும். அச்சொல்லைச் சொல்லும் உரிமை ஆசானுக்கு மட்டுமன்றி அங்கு நிற்கும் எவருக்கும் உண்டு.

இனி, பழக்கமே வேண்டாம் என்போரின் கூற்றுக்கு வருவோம். துவக்குக் கற்பிக்கப்படாத இடத்தில் துவக்கு இல்லாமற் போவதில்லை; ஆளில்லாத துவக்காக அது மாறுகின்றது. கட்டுத்துவக்கு என வழங்கும் பொறியே இதற்குச் சான்றாகும். கைவேலையாகச் செய்த குழலில் மருந்தும் ரவையும் இட்டு, விலங்கு வரும் தடத்தில் அதனைக் கட்டி, விசையிலிருந்து ஒரு கயிற்றை வழிக்குக் குறுக்கே இழுத்துவிட்டு, வைத்தவன் வீட்டுக்குப் போய்விடுகின்றான். கயிற்றிற் கால்பட்டவுடன் அது வெடிக்கின்றது. கால் பன்றியினதா, விறகெடுக்கப் போனவளினதா என்று அது கேட்பதில்லை. சட்டத்தாற் தடுக்கப்பட்ட இப்பொறியில் மேற்கூறிய நான்கு விதிகளும் ஒருங்கே மீறப்படுகின்றன. எப்போதும் நிரம்பியே இருக்கின்றது. வருவோர் அனைவரையும் நோக்கியே இருக்கின்றது. விரலுக்குப் பதிலாகக் கயிறு விசையிலேயே கட்டுண்டிருக்கின்றது. குறியையோ குறிக்கு அப்பாலையோ காணக் கண்ணே இல்லை. பயிற்சி என்பது துவக்குக்குப் பின்னால் ஒரு மனிதனை நிறுத்துவது. கட்டுத்துவக்கோ அம்மனிதனை அகற்றிவிடுவது. ஆகவே அறத்தின் எதிர்த்துருவத்தில் நிற்பது குறிதவறும் துவக்கன்று. குறிபார்ப்பவனே இல்லாத துவக்கு.

கட்டுத்துவக்கு வைப்பவனைக் கொடியவனென்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் அவனும் ஓரிரவில் தன் கிழங்குக் கொல்லை முழுவதையும் இழந்தவனாக இருக்கலாம். சொந்தக் காணியில்லாது தோட்டத்து நிலத்திற் பாத்தி போட்டிருப்பவனுக்கு, முறையான அனுமதியும் விலைகூடிய துவக்கும் எட்டாத பொருள்கள். அவன் வறுமை அவன் செயலை விளக்கும்; நியாயப்படுத்தாது. ஏனெனில் அவன் கயிற்றிற் சிக்கும் காலும் இன்னொரு வறியவனின் காலாகவே இருக்கப்போகின்றது. துரை அவ்வழியாக விறகெடுக்கப் போவதில்லை.

இவ்வளவு கூறியபின்னும் ஓர் எல்லையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பாதுகாப்பாகச் சுடுதல் வேறு, நியாயமாகச் சுடுதல் வேறு. ஆயிரம் யானைகளை வீழ்த்திய றொஜேர்ஸ் கையடக்கமும் குறியடக்கமும் நிரம்பியவராகவே இருந்திருத்தல் வேண்டும். இன்றேல் அத்தனை காலம் உயிரோடிருந்திரார். அவரிடம் குறைந்தது பாதுகாப்பன்று. எதற்காக என்னும் வினா. மறுபுறத்தே, சுடாத விரலும் எப்போதும் அறத்தின் விரலாகிவிடாது. 2000ஆம் ஆண்டு ஒற்றோபர் 25ஆம் நாள் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், ஆயுதந்தாங்கிய பொலிஸார் இருக்கவே, இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர் ஒரு கும்பலாற் கொல்லப்பட்டனர். துவக்குப் பிடிக்க முறையாகப் பயின்றவர்களே அங்கு நின்றனர். யாரைக் காக்க இந்தத் துவக்கு என் கையில் உள்ளது என்னும் பாடம் அவர்களுக்கு எட்டாமற் போயிற்று. நான்கு விதிகளும் கையை ஆளும். கையை ஆளும் மனத்தை ஆள அவை போதா.

எனினும் அவ்விதிகள் வீணல்ல. நல்லொழுக்கம் பழக்கத்தால் விளைவது என்றான் அரிஸ்டோட்டில். ஒவ்வொரு நாளும் குழலைத் திறந்து பார்ப்பவன், குறிக்கு அப்பால் யாருளர் என்று தேடுபவன், நிறுத்து என்றவுடன் நிற்பவன் ஆகியோர், பிறர் உயிர் உண்டு என்னும் நினைவைத் தம் தசையிலேயே பழக்கிக்கொள்கின்றனர். எதற்காக என்னும் வினா என்றாவது அவர்களிடம் வரும்போது, அதனைக் கேட்கும் இடைவெளி அவர்களிடம் இருக்கும். அவசரக் கையில் அந்த இடைவெளி இராது.

இவ்வாறு நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். பயிர்க்காவலுக்குத் துவக்குப் பெறுபவன் எவனாயினும், அதனை வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன் மண்ணணைக்கு முன்னால் நின்று கற்றல் வேண்டும். துவக்கும் தோட்டாவும் வெவ்வேறிடத்திற் பூட்டி வைக்கப்படல் வேண்டும். மது அருந்தியவனுக்கும், சினங்கொண்டவனுக்கும், எதற்கென்று சொல்லத் தெரியாதவனுக்கும் கற்பிக்க மறுக்கும் உரிமை ஆசானுக்கு உண்டு. மறுத்தல் அவன் கடமையுமாகும். ஒருநாளும் சுடப்போகாதவருக்கும் ஒரு பாடம் தேவை. கட்டுத்துவக்கின் கயிற்றையோ, கிடந்த தோட்டாவையோ கண்டால் தொடாதே, பெரியவர்க்குச் சொல் என்பதை லயத்துப் பிள்ளைகள் அனைவரும் பள்ளியிலேயே கற்றல் வேண்டும். துவக்கின் முன்பக்கத்தில் வாழ்பவர்க்கு இதுவே முதற் பயிற்சி.

கோர்கியாஸ் கற்பித்தது துவக்கன்று, சொல். சட்டமும் மருத்துவமும் மேடைப்பேச்சும் பயிலும் நாமும் பிறர்மீது பாயவல்ல கருவிகளையே பயில்கின்றோம். நம் ஆசான்களிடம் குறியை அடையும் வழியைக் கேட்கின்றோம். குறிக்கு அப்பால் நிற்பவர் யார் என்று கேட்கின்றோமா? பறவையின் தலையை மட்டும் கண்டவனைப் புகழ்ந்து பழகிய நாம், மரத்தடியில் நின்ற தம்பியரையும் கண்டவனுக்கு அவனுக்குரிய இடத்தை அளிக்க வேண்டிய காலம் இது.